கோட்டுக்கு வெளியே ஓர் அறை

“உங்கள் அறை கோட்டுக்கு வெளியே நிற்கிறது” என்றாள் கட்டட அலுவலகத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த யூலியா.

“எவ்வளவு வெளியாலை எண்டு கேள்” என்றார் பரராசசிங்கம், பக்கத்தில் இருந்த மகனிடம்.

கவிஷன் கேட்டான். யூலியா வரைபடத்தின் மேல் விரலை நகர்த்திப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

“முழு அறையும்.”

அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. ஜெர்மனியில், வுப்பர்டால் நகரத்தில் ஒரு திருகாணித் தொழிற்சாலையில் தலை நரைக்கும்வரை நின்றவர் பரராசசிங்கம். ‘முழுவதும்’, ‘பிழை’, ‘திரும்பச் செய்’ என்ற மூன்றும் எந்த வேகத்தில் வந்தாலும் அவருக்கு விளங்கும்.

வரைபடத்தில் அவருடைய வீடு தீப்பெட்டி அளவில் கிடந்தது. அதைச் சுற்றி நகரசபை ஒரு நீலக் கோடு போட்டிருந்தது. கோட்டுக்கு உள்ளே கட்டலாம். வெளியே புல் முளைக்கலாம், பூப் பூக்கலாம், வேறு எதுவும் எழும்பக்கூடாது. பரராசசிங்கம் கட்ட நினைத்த அறையோ, நீலக் கோட்டைத் திரும்பியும் பாராமல், தோட்டத்தின் தென்மேற்கு மூலையில் தனியே நின்றது.

கோட்டுக்கு உள்ளேயே கிழக்குப் பக்கம் இடம் சும்மா கிடக்கிறதே, அங்கே கட்டினால் என்ன என்று யூலியா கேட்டாள்.

“அது ஏலாது. படுக்கிற அறை கன்னிமூலையிலதான் வரவேணும் எண்டு சொல்லு.”

“கன்னிமூலைக்கு டொச்சில சொல் இல்லை, அப்பா” என்றான் கவிஷன். ஜெர்மன் மொழிக்கு அவர்கள் வீட்டில் டொச் என்றுதான் பேர்.

“அப்ப, சிவகுருநாதன் அண்ணை சொன்னவர் எண்டு சொல்லு.”

கவிஷன் சொன்னான். திரு. சிவகுருநாதன் கட்டடக் கலைஞரா என்று யூலியா மரியாதையாகக் கேட்டாள். இல்லை, பலசரக்குக் கடை வைத்திருக்கிறார், ஞாயிற்றுக்கிழமைகளில் வாஸ்து பார்ப்பார் என்று சொல்ல வேண்டி வந்தது. அந்த மனிதர் ஒரு வீட்டில் கோடு போட்டால் வுப்பர்டால் தமிழர் ஒருவரும் அதைத் தாண்டமாட்டார்கள் என்பதையும் கவிஷன் சேர்த்துச் சொன்னான்.

யூலியா சிரிக்கவில்லை. “அப்படியென்றால் உங்கள் வீட்டுக்கு இரண்டு கட்டட அலுவலகங்கள்” என்றாள்.

ஆனாலும் வழி உண்டாம். நீலக் கோட்டிலிருந்து விதிவிலக்குக் கேட்டு விண்ணப்பிக்கலாம். நகரசபையின் கட்டடக் குழு கூடி முடிவெடுக்கும். இரண்டு விஷயம் வேண்டும்: காரணம் பாரமாக இருக்கவேண்டும், அயலவருக்கு இடைஞ்சல் இருக்கக்கூடாது.

பரராசசிங்கத்தின் முகம் மலர்ந்தது. “பரிகாரம் இருக்கு எண்டு சொல்லுறா, என்ன? எங்களிட்டையும் இருக்குத்தானே. மூலை பிழைச்சால் ஒரு எலுமிச்சம்பழம், ஒரு தேங்காய். உவையின்ரை குழு என்ன கேக்கும் எண்டு கேள்.”

கவிஷன் எலுமிச்சம்பழத்தை மொழிபெயர்க்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தான். பின்னேர ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

அந்த அறை ஏன் என்று யாராவது கேட்டால் பரராசசிங்கம் வாஸ்துவைச் சொல்லுவார், வீட்டு விலையைச் சொல்லுவார், ஹோட்டலைச் சொல்லமாட்டார்.

வீட்டில் படுக்கையறை இரண்டு. ஒன்று அவருக்கும் மனைவி கமலநாயகிக்கும். மற்றது கவிஷனுடையதாக இருந்தது. அவன் மியூனிக்கில் வேலை கிடைத்துப் போன மாதம் பிள்ளையார் அங்கே குடிவந்தார். பிறகு முருகன், பிறகு லட்சுமி, அவர்களுக்குத் துணையாக ஆளுயர டீப் பிரீசர். இருத்தின சுவாமியை இனி எழுப்பக்கூடாது என்று சிவகுருநாதன் சொல்லிவிட்டார். டீப் பிரீசரை எழுப்ப ஆளில்லை.

போன வருடம் கவிஷன், மனைவி அஜிதாவையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு வந்தான். இராச்சாப்பாடு முடிய மூவரும் எழும்பி, புகையிரத நிலையத்துக்குப் பக்கத்து ஹோட்டலுக்குப் போய்ப் படுத்தார்கள். காலையில் பரராசசிங்கம் பேரப்பிள்ளையைப் பார்க்கிற அவசரத்தில் அங்கேயே போய்விட்டார். வரவேற்பில் இருந்த பெட்டை, ஐயா இங்கே தங்குகிறவரா என்று கேட்டாள்.

“இல்லை. அப்பா” என்றார்.

அவள் ஒரு கதிரையைக் காட்டினாள். பெற்ற பிள்ளை கீழே இறங்கி வரும்வரை அந்தக் கதிரையில், ஏதோ வேலைக்கு நேர்முகம் வந்தவர்போல, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். வீட்டுக்கு வந்தவர் தோட்டத்துக்குள் போய் நின்றார். அப்போதே அறை அவருடைய மனத்தில் கூரையோடு எழும்பிவிட்டது. அங்கே ஒரு காலை நேரம், பிள்ளை அழுகிற சத்தம், அஜிதா கொட்டாவி விடுகிற சத்தம், கவிஷன் தேத்தண்ணி கேட்கிற சத்தம். அவருக்கு வேண்டியது அந்த மூன்று சத்தமும்தான்.

ஒன்று மட்டும் அதிசயம். முன்பெல்லாம் கவிஷன் வருஷப் பிறப்புக்கு வருகிறேன் என்பான், வேலை வந்துவிடும். தீபாவளி என்பான், குழந்தைக்குக் காய்ச்சல் வந்துவிடும். ஆனால் அலுவலகத்தில் தெர்மீன் என்று ஒரு நாள் குறித்துவிட்டால் ஆள் அந்த நாள் வாசலில் நிற்பான். தீபாவளிக்கு வராதவன் தெர்மீனுக்கு வந்தான்.

“மியூனிக்கில இருந்தே போனில முகம் பார்த்துக் கதைக்கலாம், அம்மா. நான் மொழிபெயர்க்கிறன்” என்று முதலில் சொல்லிப் பார்த்தான்.

“போனுக்குள்ளால கோடு தெரியாதப்பு. பக்கத்தில இருக்கவேணும்” என்று கமலநாயகி முடித்துவிட்டாள். முதியோர் இல்லத்தில் வேலை செய்து, தொண்ணூறு வயதுக் கிழவர்களோடு டொச்சில் சண்டைபிடித்து வென்றவள் அவள். ஆனால் அலுவலக டொச் வேறு, அது தனக்கு ஏலாது என்பாள்.

முதலில் அயல். வேலிக்கு அந்தப் பக்கம் லிண்ட்னர் அம்மையார். ஓய்வுபெற்ற ஆசிரியை, தனியாள். பரராசசிங்கத்தோடு பேசும்போது மட்டும், சொல்லெழுத்து வைப்பதுபோல நிறுத்தி நிறுத்திப் பேசுவார். பரராசசிங்கம் வேலியடியில் போய் விஷயத்தைச் சொன்னபோது அவர் கத்தரிக்கோலை நிறுத்தாமலே, ஓர் அறைதானே, கட்டுங்கள் என்றார்.

“சும்மா வாயால சொன்னதை நம்பேலாது” என்றாள் கமலநாயகி. “நான் ஒருக்காப் போய் வடிவாக் கதைச்சுப்போட்டு வாறன்.”

ஆட்டிறைச்சி ரோல்ஸ் பொரித்து, தட்டில் அடுக்கி, மேலே கடதாசித் துவாலை போட்டுக் கொண்டுபோனாள். விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் திரும்பி வந்தாள். என்ன சொன்னாய் என்று கேட்டதற்கு, எல்லாம் விளக்கமாகச் சொன்னேன், மனுசிக்கு நல்லாய் விளங்கியது என்றாள்.

அடுத்த கிழமை கட்டட அலுவலகத்திலிருந்து அழைத்தார்கள். அயலவர் ஆட்சேபித்திருக்கிறார். அறை எழும்பினால் அவர் காலையில் கோப்பி குடிக்கிற இடத்தில் வெயில் விழாதாம்.

பரராசசிங்கம் திகைத்துப்போனார். “உறைப்புக் கூடிப்போச்சோ?”

“அப்பிடித்தான் இருக்கவேணும்” என்றாள் கமலநாயகி. “மகனுக்குச் சொல்லுங்கோ. வந்து கதைக்கட்டும்.”

கவிஷன் வந்தான். முதல்நாளே நண்டு வாங்கியாகிவிட்டது. ஆட்சேபத்துக்கு மருந்தாகக் கூரையின் உயரத்தைக் குறைப்பது என்று தகப்பனும் மகனும் நண்டுக் கோதுகளுக்கு நடுவில் முடிவெடுத்தார்கள். அடுத்த நாள் யூலியா புதிய படத்தைப் பார்த்துவிட்டு, வெயில் பிரச்சினை தீர்ந்தது என்றாள். ஆனால் இந்த உயரத்தில் மனிதர் படுக்கச் சட்டத்தில் இடமில்லை. புல்வெட்டி இயந்திரம் படுக்கலாம்.

“மகனைப் புல்வெட்டி எண்டு பதியேலாதோ எண்டு கேட்டுப் பார்” என்றார் பரராசசிங்கம்.

“அப்பா.”

மேலே போக ஏலாவிட்டால் கீழே போவது. நிலத்தை அரை ஆள் ஆழத்துக்கு வெட்டி, அறையை இறக்கினால் வெயிலும் விழும், மனிதரும் படுக்கலாம். இதைக் கேட்டு லிண்ட்னர் அம்மையார் இளகவேண்டும் என்பதற்காகக் கமலநாயகி இரண்டாவது தட்டு ரோல்ஸோடு போனாள். இந்த முறை உறைப்புக் குறைவாம்.

ஆட்சேபம் பத்து நாளில் வந்தது. வேலியடியில் ஒரு முள்ளெலிக் குடும்பம் வசிக்கிறது. நிலம் வெட்டினால் அவை வீடிழக்கும். படமும் இணைத்திருந்தார். முள்ளெலி நேரே பரராசசிங்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“உந்த ரோல்ஸை நிப்பாட்டு. திண்டு திண்டு மனுசிக்குத் தெம்பு கூடுது.”

“வெறுங்கையோட அயல் வீட்டுக்குப் போகேலுமே?” என்றாள் கமலநாயகி. “மகன் என்ன சொல்லுறான்? வாறானாமோ?”

வந்தான். இந்த முறை குழந்தையும் கூட. முள்ளெலிக்காகப் பதினொரு மணித்தியாலம் போகவரப் பயணம் செய்தது அது. தாத்தாவின் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கி ஒரு காலை உடைத்தது. பரராசசிங்கம் அதைத் திருத்தக் கொடுக்கவில்லை. பசைநாடா சுற்றிப் போட்டுக்கொண்டு திரிந்தார்.

சிவகுருநாதன் அண்ணைக்குப் பொறுமை போய்விட்டது. கல் வைக்காததுதான் தடைக்குக் காரணம் என்று சொன்னார். நல்ல நேரத்தில் கன்னிமூலையில் ஒரேயொரு கல்லு, கட்டடம் இல்லை, கல்லு மட்டும். கல்லிருந்தால் அனுமதி தன்ரை பாட்டில் வந்து அதில் ஏறி இருக்கும். கேட்கச் சரியாக இருந்தது.

ஒரு கல் வைக்க நாற்பது பேர் வந்தார்கள். அறுகம்புல், மஞ்சள், தேங்காய், பட்டுச் சேலை, தோட்டம் நிறையச் சனம், தெரு நிறையக் கார். கமலநாயகி லிண்ட்னர் அம்மையாரையும் அழைத்து வந்து முன்வரிசைக் கதிரையில் இருத்தி, ஒவ்வொன்றும் என்னத்துக்கு என்று காதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். எதிராளியை வீட்டுக்குள் கூட்டி வந்து சர்க்கரைத் தண்ணியும் கொடுக்கிறாளே, என்ன பெருந்தன்மை என்று பரராசசிங்கம் நினைத்தார்.

திங்கட்கிழமையே அலுவலகத்துக்குத் தெரிந்துவிட்டது.

யூலியா நேரில் வந்து, குனிந்து, குங்குமம் வைத்த கல்லைப் பார்த்தாள். இது கட்டட வேலையின் தொடக்கமா என்று கேட்டாள். இல்லை, சமயக் காரியம் என்று பரராசசிங்கம் அவசரமாகச் சொன்னார். அது மகன் வந்து சேர முன்னரே அவர் தனியே பேசிய டொச்.

கவிஷன் ரயிலால் இறங்கி வந்தபோது விண்ணப்பத்தின் பெயர் மாறியிருந்தது. வழிபாட்டிடம் என்றால் கார் நிறுத்த இடம் காட்டவேண்டும்.

“நாற்பது பேருக்கு எத்தனை கார், அப்பா?”

“அண்டைக்கு வந்தது பதினேழு. தெருவை மறிச்செல்லே விட்டவை.”

“அதை அவவுக்குச் சொன்னனீங்களோ?”

பரராசசிங்கம் கண்ணாடியில் சுற்றிய பசைநாடாவைத் தடவினார். சொல்லியிருந்தார்.

அன்று புயல். மியூனிக் ரயில்கள் எல்லாம் நின்றுவிட்டன, ஹோட்டலும் நிரம்பிவிட்டது. கவிஷன் சோபாவில் படுத்தான். கால்கள் கைப்பிடிக்கு மேலால் நீட்டிக்கொண்டு நின்றன. விடியப் பரராசசிங்கம் எழும்பி வந்தபோது வாசலில் அவருடைய சப்பாத்துக்குப் பக்கத்தில், அதைவிட இரண்டு மடங்கு பெரிதாக, மகனுடைய சப்பாத்து நின்றது. தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு போய்ச் சோபாவடியில் நின்றார். எழுப்ப மனம் வரவில்லை. வைக்கவும் மனம் வரவில்லை. ஆறிப்போன தேத்தண்ணியோடு அவர் நிற்பதைக் குசினி வாசலில் நின்று கமலநாயகி பார்த்துக்கொண்டிருந்தாள்.

வழிபாட்டிடம் இல்லை, படுக்கையறைதான் என்று கவிஷன் திரும்ப எழுதிக் கொடுத்தபிறகு, கடைசியில் குழு கூடியது.

கவிஷன் நல்ல நல்ல சொற்களாகத் தேடி எழுதிக்கொண்டு வந்திருந்தான். பல தலைமுறை வாழ்விடம், சமூக ஒருங்கிணைவு என்று. தலைவர் காரணம் என்ன என்று கேட்டதும் அவன் எழும்புவதற்குள் பரராசசிங்கம் எழும்பிவிட்டார். பசைநாடா சுற்றிய கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, தொழிற்சாலை டொச்சில், துண்டு துண்டாகச் சொன்னார்.

“இவன் என் மகன். இந்த நகரத்தில் பிறந்தவன். இந்த நகரத்துக்கு வந்தால் ஹோட்டலில் படுக்கிறான். நான் அங்கே போவேன். வரவேற்பில் கதிரை தருவார்கள். காத்திருப்பேன்.” கொஞ்சம் யோசித்தார். “கதிரை நல்ல கதிரை. ஆனால் சரியில்லை.”

மண்டபத்தில் யாரோ பேனாவை மூடினார்கள். கவிஷன் தன் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் கதிரை அப்பாவை என்ன செய்தது என்று அவனுக்கு அதுவரை தெரியாது.

தலைவர் லிண்ட்னர் அம்மையாரைக் கேட்டார். அவர் எழும்பி, பரராசசிங்கத்தைப் பார்க்காமல் கமலநாயகியைப் பார்த்தார். கமலநாயகி சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு கீழே குனிந்தாள். அம்மையார் தொண்டையைச் செருமினார். வேலியின் அடியில் முள்ளெலி போகவர ஓர் ஓட்டை விட்டால் தனக்கு மறுப்பில்லை என்றார்.

விதிவிலக்குக் கிடைத்துவிட்டது. நீலக் கோடு பரராசசிங்கத்துக்காகத் தென்மேற்கில் கொஞ்சம் வளைந்தது. சிவகுருநாதன் அண்ணை தொலைபேசியில், கல்லின் வேலை என்றார்.

புகையிரத நிலையத்தில் கவிஷன் தகப்பனைக் கட்டிப்பிடித்தான். வழமையில் தோளில் தட்டுவதோடு சரி.

“நிம்மதி, அப்பா. பேப்பர் அலுவல் முழுக்க முடிஞ்சுது. அறை கட்டி முடிய நாங்கள் மூண்டு பேரும் வாறம்.”

“கட்டுறவங்கள் அடுத்த வருசம்தான் வருவாங்களாம்.”

“பரவாயில்லை. வரட்டும்.”

“அதுக்கிடையில?”

“இடையில என்ன, அப்பா? தெர்மீன் ஒண்டும் இல்லையே.”

அவன் அதைச் சந்தோஷமாகத்தான் சொன்னான். கதவு மூடியது. ரயில் போய், தண்டவாளம் வெறுமையாகக் கிடக்கும்வரை பரராசசிங்கம் நின்றார். பக்கத்தில் கமலநாயகி, காலியான சாப்பாட்டுப் பையை நான்காக மடித்தாள், விரித்தாள், திரும்ப மடித்தாள். கேட்டது கிடைத்த நாளில் இரண்டு பேருக்கும் ஏன் வாயடைத்தது என்று அவருக்கு விளங்கவில்லை.

பின்னேரம் குசினியிலிருந்து எண்ணெய் கொதிக்கிற சத்தம் வந்தது. எட்டிப் பார்த்தார். கமலநாயகி ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தாள்.

“அலுவல்தான் முடிஞ்சுதே. இனி ஆருக்கு?”

“லிண்ட்னர் மனுசிக்கு.”

அதுவும் சரிதான் என்று பட்டது அவருக்கு. கடைசி நேரத்தில் மனம் மாறியவர். நன்றி சொல்லத்தானே வேண்டும். பொரித்து வைத்திருந்த தட்டைத் தூக்கினார்.

“வையுங்கோ, நான் கொண்டுபோறன்” என்றாள் கமலநாயகி. குரல் கொஞ்சம் உயர்ந்தது. “உங்களுக்கு அவவோட கதைக்கத் தெரியாது.”

“நகரசபையிலேயே கதைச்சனான்” என்று பெருமையாகச் சொல்லிவிட்டு அவர் படியிறங்கினார். அடுப்பில் எண்ணெய். அவளால் விட்டுவிட்டு வர ஏலவில்லை.

வேலியடியில், முள்ளெலிக்கு ஓட்டை விடவேண்டிய இடத்தில், லிண்ட்னர் அம்மையார் நின்றார். பரராசசிங்கம் தட்டை நீட்டி, வழியில் சேர்த்து வைத்திருந்த நன்றி வசனத்தைத் தொடங்கினார். அம்மையார் அதைக் கேட்கவில்லை. கடதாசித் துவாலையைத் தூக்கிச் சூடான ரோல்ஸைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார், சொல்லெழுத்து வைப்பதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னார்:

“வெயில் முடிந்தது, முள்ளெலி முடிந்தது, கல்லும் முடிந்தது என்று உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள், இனி ஆட்சேபிக்க என்னிடம் இருப்பது உங்கள் கூரையிலிருந்து என் பக்கம் வடியும் தண்ணீர் ஒன்றுதான், அதற்கு மகன் வருவாரா என்று மனைவியிடமே கேட்டு வாருங்கள்.”